ஏடிவி ஸ்டார்ட் ஆகாதபோது: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டறியும் வழிமுறை

ஏடிவி (மண்பாதையில் ஓடும் நான்கு சக்கரக் குவாட் பைக்) ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது அழைத்தால், ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது என்ன சத்தம் கேட்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். சத்தமே இல்லையா, ‘டிக்’ என்று மட்டும் கேட்கிறதா, இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா, பற்றிக்கொண்ட பிறகு அணைந்துவிடுகிறதா என்பதைப் பொறுத்து, பழுதைத் தேட வேண்டிய இடமே மாறிவிடும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் பிளக், சிடிஐ (பிளக்கில் தீப்பொறியை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி), காயில், பேட்டரி என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டி, ஆயிரக்கணக்கில் செலவு செய்து முடித்த பிறகு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும், அடைபட்டிருந்த ஒரு சிறிய ஜெட்டைச் சுத்தம் செய்ததும் ஓடிய வண்டிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. சோதித்துப் பார்க்காமல் எந்த உதிரிபாகத்தையும் வாங்க வேண்டாம் என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது.

இங்கே சொல்பவை முதன்மையாக 110 முதல் 250 சிசி வரையுள்ள, ஒற்றைச் சிலிண்டரும் கார்புரேட்டரும் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கானவை. சவாரித் திடல்களிலும் சுற்றுலா விடுதிகளிலும் ஓடும் சீனத் தயாரிப்பு 110 சிசி குவாட் பைக்குகள் பலவற்றில் இருப்பது, 1958இல் ஹோண்டா அறிமுகப்படுத்திய சூப்பர் கப் குடும்பத்தின் படுத்த சிலிண்டர் அமைப்பைப் பின்பற்றிய இன்ஜின். அது எளிமையானது, அடி தாங்கக்கூடியது. ஆகவே பழுது பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே, மின்கம்பியிலோ பெட்ரோல் வரும் வழியிலோதான் இருக்கும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் உள்ள பெரிய வண்டிகளுக்கு முறை மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். நான் தரும் எண்கள் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டோடு மாறுபட்டால் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளிகளை அளக்கும் தகடுகள்), கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே ஒன்று, பெட்ரோல் பிடிக்க ஒரு கண்ணாடிப் பாட்டில் ஆகியவை போதும். வண்டியைத் திறந்த வெளியில், சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கைப் பூட்டிய பிறகே கை வையுங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. செல்ஃபை (பட்டனை அழுத்தினால் இன்ஜினைச் சுற்றிவிடும் மின்மோட்டார்) ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அடிக்காமல், அடுத்த தடவைக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சூடேறினால் அதன் சுருள் கருகிவிடும்.

பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை

சாவியைத் திருப்பியதும் நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது எரியவில்லை, ஹாரனும் இல்லை என்றால் மின்சாரம் பேட்டரியை விட்டே வெளியே வரவில்லை என்று பொருள். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்து அளந்துவிட்டு, பிறகு பிரதான ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். இந்த ஃப்யூஸ் பெரும்பாலும் பேட்டரிக்கு அருகில் ஒரு சிறிய ரப்பர் உறைக்குள்ளோ, செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் செல்ஃப் ரிலேயின் மேலேயோ இருக்கும். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். மண்பாதையின் அதிர்வில் கண்ணாடிக் குழல் ஃப்யூஸின் கம்பி மூடியின் உள்ளே அறுந்து, வெளியே முழுதாகத் தெரியும். மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனை ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். புதிய ஃப்யூஸ் போட்டதும் அதுவும் போய்விட்டால், அதைவிடப் பெரிய ஃப்யூஸைப் போடக் கூடாது. எங்கோ ஒரு கம்பியின் உறை தேய்ந்து சட்டத்தில் உரசுகிறது என்பதற்கான அடையாளம் அது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியிலும், இருக்கைக்கு அடியிலும், சைலன்ஸருக்கு அருகிலும் கம்பிகளைத் தடவிப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் பட்டனுக்குச் சத்தமில்லை என்றால், பழுது என்று எண்ணுவதற்கு முன் பாதுகாப்புப் பூட்டுகளைப் பாருங்கள். ஏடிவியில் இவை பைக்கில் இருப்பதைவிட அதிகம். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இடது பிரேக் பிடியை அழுத்திக்கொண்டால்தான் செல்ஃப் வேலை செய்யும். பிடியின் அடியிலுள்ள சிறிய சுவிட்சில் மண் புகுந்தால் பிரேக் பிடித்தாலும் வண்டிக்கு அது தெரியாது. கியர் உள்ள வண்டிகளில் நியூட்ரல் சுவிட்ச் இதே வேலையைச் செய்கிறது. இன்ஜினை அணைப்பதற்காக ஹேண்டிலிலுள்ள சிவப்பு கில் சுவிட்ச் யாரோ கை பட்டு ‘ஆஃப்’ நிலைக்குப் போயிருக்கலாம். சிறுவர் வண்டிகளில் பின்புறம் ஒரு கயிறு தொங்கும். பெரியவர் பின்னாலிருந்து இழுத்தால் இன்ஜின் அணைவதற்கான ஏற்பாடு அது. அந்தக் கயிற்றின் முனையிலுள்ள மூடி கழன்று விழுந்துவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகவே ஆகாது. சில மாதிரிகளில் செல்ஃப் மட்டும் சுற்றும், பிளக்கில் கரன்ட், அதாவது தீப்பொறி, வராது. ரிமோட் பெட்டி பொருத்திய சிறுவர் வண்டிகளில் அந்தப் பெட்டியே இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தால், செல்ஃப் ரிலேக்கு வரும் இரண்டு மெல்லிய கம்பிகளில் மல்டிமீட்டரை வைத்து, மற்றொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 12 வோல்ட் வந்தும் ரிலே அசையவில்லை என்றால் ரிலே பழுது. வோல்ட்டே வரவில்லை என்றால் பட்டன், பிரேக் சுவிட்ச், அவற்றுக்கிடையேயான கம்பி ஆகியவற்றில் ஒன்றில்தான் குறை இருக்க வேண்டும். பட்டன் கூட்டைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே பச்சை படிந்த செம்புத் தகடு தெரியும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் அது மீண்டும் பல மாதம் உழைக்கும்.

‘டிக்’ என்று மட்டும் கேட்கிறது

இதைக் கேட்டவுடன் செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். பத்தில் ஏழெட்டு வண்டிகளில் குறை பேட்டரியிலோ அதன் இணைப்பிலோதான் இருக்கிறது என்பது என் அனுபவம். ‘டிக்டிக்டிக்’ என்று வேகமாகத் தொடர்ந்து கேட்டால், ரிலே மூடும் ஒவ்வொரு தடவையும் பேட்டரி தளர்ந்து ரிலேயை விட்டுவிடுகிறது என்று அர்த்தம். பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு உறுதியான ‘டிக்’ கேட்டு நின்றுவிட்டால் ரிலேயின் உள் தகடு, தடித்த கம்பிகள், எர்த் இணைப்பு (பேட்டரியின் மைனஸைச் சட்டத்தோடு சேர்க்கும் கம்பி), மோட்டார் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி, 12.0க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால், ஆறு செல்களில் ஒன்று இறந்துவிட்டது. ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட் தருவதால் ஒன்று குறைந்ததும் எண் அங்கே வந்து நிற்கிறது. அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். சும்மா இருக்கும்போது நல்ல எண் காட்டும் பேட்டரியும் ஏமாற்றும் என்பதால், செல்ஃப் அடிக்கும் அந்த நொடியிலும் அளந்து பாருங்கள், அப்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அதில் வலுவில்லை. சார்ஜ் செய்யும்போது ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு போதும். 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். கார் சார்ஜரில் அவசரமாக ஏற்றினால் சிறிய பேட்டரி கொதித்துக் கெட்டுவிடும். காரின் பேட்டரியிலிருந்து கம்பி போட்டு ஸ்டார்ட் செய்வதானால் காரின் இன்ஜினை அணைத்தே வையுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தால் இணைப்புகளுக்கு வாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலும், மறு முனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். சரியான எர்த் இருந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஒரு முறை ஒரு வண்டியில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. உரிமையாளர் அதற்கு முன்பே புதிய பேட்டரியும் புதிய செல்ஃப் மோட்டாரும் வாங்கிப் பொருத்தியிருந்தார். எர்த் கம்பி சட்டத்தில் சேரும் போல்ட்டைக் கழற்றினால், வண்டிக்குப் புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட்டின் மேலேயே கம்பியின் வளையம் உட்கார்ந்திருந்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் மின்சாரம் கசிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரிந்ததும் கம்பியை மாட்டி முறுக்கினோம். அடுத்த அழுத்தலிலேயே இன்ஜின் பற்றிக்கொண்டது.

எர்த்தும் நன்றாக இருந்தால், ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் உறையிட்ட பிடியுள்ள பெரிய ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி இணைத்துப் பார்க்கலாம். இங்கே எச்சரிக்கையாக இருங்கள்: இப்படிச் செய்யும்போது பிரேக், நியூட்ரல் பூட்டுகள் எல்லாம் தாண்டப்படுகின்றன. கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும். தீப்பொறியும் பறக்கும், அருகில் பெட்ரோல் ஒழுகல் இருக்கவே கூடாது. மோட்டார் சுறுசுறுப்பாகச் சுற்றினால் ரிலேயை மாற்றுங்கள். சுற்றாவிட்டால் மோட்டாரைக் கழற்றி உள்ளே கார்பன் பிரஷ் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். பல மோட்டார்களுக்குப் பிரஷ் மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

இதையொட்டி இன்னொரு சத்தமும் உண்டு. பட்டனை அழுத்தியதும் ‘வீ…’ என்று மோட்டார் மட்டும் தனியாக ஓடும், இன்ஜினின் ‘சக்-சக்’ ஓசை கேட்காது. மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கடத்தும் ஒருவழி கிளட்சின் உருளைகளோ ஸ்பிரிங்குகளோ தேய்ந்திருக்கின்றன. இன்ஜின் தண்டின் முனையில் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னெட்டைக் கழற்றித்தான் அதைச் சரிசெய்ய முடியும். புல்லர் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயலாதீர்கள்.

இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

மேலே சொன்ன பேட்டரி, எர்த் சோதனைகளே இதற்கும் பொருந்தும். பேட்டரியைச் சார்ஜ் செய்ததும் ஓரிரு நாள் நன்றாக ஓடி மீண்டும் தளர்கிறது என்றால், சார்ஜ் ஏறும் பகுதியைப் பாருங்கள். இன்ஜின் மிதமான வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.5லேயே நின்றால், மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயிலோ அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ வேலை செய்யவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுதடைந்து பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை

ஏடிவிகளில் அதிகம் வரும் புகார் இதுதான். பொறுமையாக வேலை செய்ய வேண்டிய இடமும் இதுதான். பிளக்கில் கரன்ட், சரியான அளவில் பெட்ரோல், போதிய கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம்) ஆகிய மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்பதை முதலில் பிளக்கிடம் கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்துப் பத்துப் பன்னிரண்டு சுற்று அடித்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் மணந்தால் பெட்ரோல் வருகிறது. அப்படியானால் கரன்ட் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து இன்ஜினை மூழ்கடித்திருக்கிறது.

கரன்ட் சோதனை இது. பிளக்கை மூடியோடு இணைத்து, அதன் உலோக உடலைச் சிலிண்டர் ஹெட்டில் அழுத்தி வைத்து, செல்ஃப் அடியுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே பீறிடும் என்பதால் துளையை ஒரு துணியால் மூடி, பிளக்கை முடிந்த அளவு தள்ளி வையுங்கள். வெயிலில் தீப்பொறி கண்ணுக்குத் தெரியாது, நிழலில் பாருங்கள். நீல நிறத்தில் ‘டப் டப்’ என்று சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, ஒழுங்கின்றி வந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தில் அது பாயாது. தீப்பொறி பாயும் பிளக் முனைகளின் இடைவெளி பல சிறிய இன்ஜின்களுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. புதிய பிளக் விலை குறைவு என்பதால், பாகத்தை மாற்றிச் சோதிப்பதற்கு நான் அனுமதிக்கும் ஒரே விதிவிலக்கு அதுதான்.

புதிய பிளக்கிலும் கரன்ட் இல்லை என்றால் பிளக் மூடியைக் கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுழற்றிக் கழற்றுங்கள். உள்ளே கம்பியின் முனை கறுத்திருந்தால் அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மூடியை மீண்டும் முறுக்குங்கள். மூடியை மட்டும் ஓம் அளந்தால் வழக்கமாகச் சுமார் 5 கிலோ ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் மூடி இறந்துவிட்டது. அடுத்ததாகச் சிடிஐக்குப் போகும் கில் கம்பியைப் பாருங்கள். மேக்னெட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏசி சிடிஐ உள்ள சீன 110 சிசி வண்டிகளில் இது பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடிட்ட கம்பி. அது எர்த்தைத் தொட்டால் இன்ஜின் அணையும். அந்த ஒரு கம்பியைச் சிடிஐயிலிருந்து பிரித்தவுடன் கரன்ட் வந்துவிட்டால், சாவி, கில் சுவிட்ச், கயிற்றுச் சுவிட்ச் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றுதான் தொடர்ந்து எர்த் ஆகிக்கொண்டிருக்கிறது. சோதனை முடிந்ததும் கம்பியை மாட்டிவிடுங்கள். கில் சுவிட்ச் இல்லாத ஏடிவியை, அதுவும் சிறுவர் ஓட்டும் ஏடிவியை, வெளியே அனுப்பவே கூடாது.

அதன் பிறகும் கரன்ட் வராவிட்டால் சிடிஐ இணைப்பைக் கழற்றி, கம்பிப் பக்கத்தில் அளவெடுங்கள். தீப்பொறி பாய வேண்டிய நேரத்தைச் சிடிஐக்குத் தெரிவிக்கும் பிக்கப் காயில் பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 200 ஓம் வரை இருக்கும். மேக்னெட்டிலிருந்து சிடிஐக்கு மின்சாரம் தரும் காயில் சில நூறு ஓம் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது இந்த இரண்டாவது காயிலில் பத்துக்கணக்கான ஏசி வோல்ட் வர வேண்டும். இரண்டும் சரி, பிளக்குக்குப் போகும் காயிலும் சரி, எர்த்தும் சரி என்று உறுதியான பிறகே சிடிஐயைக் குற்றம் சொல்லலாம். சிடிஐயை நேரடியாகச் சோதிக்க எளிய வழி இல்லை. மற்றவை நல்லவை என்று காட்டித்தான் அதன் பழுதை அறிய முடியும். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிசி சிடிஐ வண்டிகளிலும், இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலும் இன்னொன்றைக் கவனியுங்கள்: பேட்டரி தளர்ந்தால் செல்ஃப் சுற்றும் அளவுக்கு வலு இருந்தும் கரன்ட் வராமல் போகலாம்.

பிளக் நனைந்திருந்து கரன்ட்டும் நன்றாக வந்தால், இன்ஜின் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. சோக்கை நீக்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்து, ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். அதிகப்படியான பெட்ரோல் காற்றோடு வெளியேறி, பெரும்பாலும் திணறிக்கொண்டே பற்றிக்கொள்ளும். அடிக்கடி இப்படி நடந்தால் கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஃபிளோட் ஊசி மூடவில்லை. அதற்கு முன் ஆயிலைக் கட்டாயம் பாருங்கள். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாசமும், அளவு வழக்கத்தைவிட உயர்ந்தும் இருந்தால், இரவெல்லாம் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்துபோகும். ஆயிலை மாற்றிய பிறகே அடுத்த வேலை. இனி வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால்: பெட்ரோலின் வழியைப் பின்தொடர்தல்

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, டேப் ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா என்பதிலிருந்தே தொடங்குங்கள். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்திப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். நன்றாக ஒழுகிக்கொண்டே வந்தால் கிண்ணம் வரை வழி திறந்திருக்கிறது. கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் டேப், ஃபில்டர், குழாய், டேங்க் மூடியின் காற்றுத்துளை ஆகியவற்றைப் பாருங்கள். பிடித்த பெட்ரோலை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் குமிழாகத் தங்கியிருப்பது தெரியும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இந்தியாவில் 2023 முதல் படிப்படியாகப் பரவிய, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டு வைத்தால், ஈரம் மிகுந்து எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடக்கூடும். கார்புரேட்டர் முதலில் இழுப்பது அந்த அடிப்பகுதியைத்தான். பழுப்பேறி வார்னிஷ் போல மணக்கும் பெட்ரோலையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மழைக்காலம் முழுவதும் நிறுத்தி வைக்கப்போகிறீர்கள் என்றால் கிண்ணத்தை வடித்துக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

கிண்ணம் வரை நல்ல பெட்ரோல் வந்தும் பற்றிக்கொள்ளாத வண்டியில் பெரும்பாலும் அடைபட்டிருப்பது பைலட் ஜெட். ஆக்ஸிலேட்டரை அழுத்தாத நிலையில் இன்ஜினுக்குப் பெட்ரோல் தருவது இதுதான். இதன் துளை அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் உயரமாக மெயின் ஜெட்டும், பக்கத்தில் ஒரு குழிக்குள் பைலட் ஜெட்டும் இருக்கும். சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். பித்தளைத் தலை எளிதில் சிதைந்துவிடும். கழற்றியதும் அதைக் கண்ணருகே வைத்து வானத்தைப் பாருங்கள். நல்ல ஜெட்டில் ஊசிமுனை அளவுக்கு வட்டமான ஓர் ஒளிப்புள்ளி தெரியும். ஒளியே தெரியாவிட்டாலோ, பிறை போல ஓரத்தில் மட்டும் தெரிந்தாலோ உள்ளே பச்சை நிறப் பசை உறைந்திருக்கிறது. கிளீனரில் சில மணி நேரம் ஊறவிட்டு, காற்றால் ஊதி, மீண்டும் வானத்தைப் பாருங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு எப்போதும் பெட்ரோல் அதிகமாகப் போகும். ஜெட் உட்காரும் குழிக்குள்ளும் ஸ்பிரே அடித்து, மறுபக்கத்தில் வெளிவருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பலர் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இந்தப் பாதையை விட்டுவிடுகிறார்கள். காற்றுத் திருகைக் கழற்றுமுன் அது முழுவதும் மூடுவதற்கு எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணி எழுதிவைத்தால், திரும்ப மாட்டும்போது தடுமாற வேண்டியதில்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஜெட் இல்லை. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் ஓரிரு விநாடி ‘ம்ம்’ என்று பம்ப் ஓடும் ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்ப்பின் ஃப்யூஸ், ரிலே, கில் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். வண்டி சமீபத்தில் கவிழ்ந்திருந்தால் சாய்வு சென்சார் இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கும். நிமிர்த்தி நிறுத்தி, சாவியை அணைத்து மீண்டும் போட்டால் பல வண்டிகளில் அது விலகிவிடும்.

பற்றிக்கொண்டு சிறிது நேரத்தில் அணைகிறது

சோக்கில் ஓடி, சோக்கை நீக்கியதும் அணைந்தால் மேலே சொன்ன பைலட் ஜெட்டும், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பில் வெடிப்பும்தான் பெரும்பாலும் காரணம். ரப்பரை விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும்.

ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, மெல்ல மெல்லத் தளர்ந்து அணைந்து, கொஞ்ச நேரம் விட்டால் மீண்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டி வேறு வகை. அப்படி ஒன்று என்னை ஒரு முழு நாள் அலைக்கழித்தது. கரன்ட் நீலமாக வந்தது, ஜெட் ஒளியைக் காட்டியது, பெட்ரோல் புதியது. அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறந்தபோது ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து வைத்தே ஓட்டினால் அணையவில்லை. மூடியின் காற்றுத்துளையிலிருந்து வரும் மெல்லிய குழாய் ஹேண்டிலின் நடுவிலுள்ள ஓட்டைக்குள் செருகப்பட்டிருந்தது. அதை உருவினால் முனையில் ஒரு விரற்கடை நீளத்துக்குச் செம்மண் கெட்டியாக அடைத்திருந்தது. குளவி கட்டிய கூடு. காற்று புக வழியில்லாததால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுபோயிருக்கிறது. இப்போதெல்லாம் நீண்ட நாள் நின்ற வண்டி எதுவாக இருந்தாலும் அந்தக் குழாயைத்தான் முதலில் ஊதிப் பார்க்கிறேன். அதே காரணத்துக்காக ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். எலி பஞ்சையும் வைக்கோலையும் கொண்டுவந்து நிரப்பிய பெட்டிகளைக் கண்டிருக்கிறேன்.

குளிர்ந்திருந்தால் எடுக்கிறது, சூடானபின் எடுப்பதில்லை

இதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. பிக்கப் காயிலோ சிடிஐயோ சூட்டில் கெடுவது ஒன்று. அணைந்த அந்த நிமிடமே கரன்ட் சோதித்தால் தெரிந்துவிடும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருப்பதாகக் காட்டும். மற்றொன்று, வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டின் இறுக்கம். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே போகப்போக டேப்பட் இடைவெளி குறைகிறது. சூட்டில் வால்வு நீளும்போது அது முழுவதும் மூடாமல் கம்ப்ரஷன் கசிகிறது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, மேக்னெட்டின் ‘டி’ குறியைக் குறிக்கோட்டுக்கு நேராக நிறுத்தி, இரண்டு டேப்பட்டும் லேசாக ஆடும் நிலையில் ஃபீலர் கேஜால் அளவெடுங்கள். சூப்பர் கப் வகை 110 சிசி இன்ஜின்களுக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. மற்ற இன்ஜின்களுக்கு அளவு மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள்.

டேப்பட் சரியாக இருந்தும் எடுக்காவிட்டால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து செல்ஃப் அடித்து அளவிடுங்கள். 90 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் இவ்வகை இன்ஜின்கள் பற்றிக்கொள்வது அரிது. ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் அமைப்புள்ள பெரிய இன்ஜின்கள் நல்ல நிலையிலும் குறைவாகக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு தேக்கரண்டி ஆயிலைப் பிளக் துளை வழியாக விட்டு மீண்டும் அளந்து, எண் தெளிவாக உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு.

தண்ணீரில் மூழ்கிய வண்டி

ஓடையிலோ கடலலையிலோ அணைந்த வண்டிக்குச் செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்திச் சுருக்க முடியாது. அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெளியே இழுத்து வந்து, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிக் குழாயைத் திறந்து வடியுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு, ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிற்றாலோ கிக்கராலோ இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். செல்ஃப் மட்டுமே உள்ள வண்டியில் இந்த நிலையில் சிறிது சிறிதாக அடிக்கலாம். கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்து, ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, பிளக் மூடியை ஊதி உலர்த்துங்கள். பெல்ட்டில் ஓடும் வண்டிகளில் பெல்ட் கூட்டின் வடிகால் மூடியையும் திறந்துவிடுங்கள். கடல்நீர் என்றால் நல்ல தண்ணீரால் அன்றைக்கே கழுவி, மின் இணைப்புகளைப் பிரித்து உலர்த்திக் கிரீஸ் தடவ வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் முனைகள் பச்சை பூத்துவிடும்.

ஆயில் குச்சியில் பால் கலந்த காபியின் நிறம் தெரிந்தால் தண்ணீர் ஆயிலுக்குள் போயிருக்கிறது. வடித்து, விலை குறைந்த புதிய ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்து சில நிமிடம் மட்டும் மெதுவாக ஓடவிட்டு, சூட்டோடு மறுபடியும் வடியுங்கள். வடியும் ஆயிலில் வெண்மை நீங்கும் வரை, வழக்கமாக இரண்டு மூன்று முறை, இதைச் செய்த பிறகே கையேடு சொல்லும் ஆயிலையும் புதிய ஆயில் ஃபில்டரையும் போடுங்கள். டிஃபரென்ஷியல் உள்ள வண்டியாக இருந்தால் அதன் ஆயிலையும் அதே நாளில் திறந்து பார்த்துவிடுங்கள்.